ஆறு பேர், டிரைவர் நீங்கலாக

"பெரியவங்க எட்டு, புள்ளைங்க மூணு" என்று தலைக்கணக்கு சொன்னதும் வண்டிக்காரர் கேட்பது, "நைட்டு தங்கறீங்களா? சமையல் சாமான் ஏத்தணுமா?" செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே உள்ள வல்லத்தில் (தஞ்சாவூர் வல்லம் வேறு) வாடகை வண்டி பேசுவது இப்படித்தான். செஞ்சிக்கு இன்றுவரை ரயில் வரவில்லை. ரயிலேற திண்டிவனமோ விழுப்புரமோ போக வேண்டும். மேல்மலையனூர் அமாவாசை, திருவண்ணாமலை கிரிவலம், காதுகுத்து, பெண் பார்ப்பது என எதற்கும் பஸ், இல்லையென்றால் வாடகை வண்டி. எவ்வளவு பெரிய வண்டி என்பதில்தான் பாதிப் பேச்சு போகும்.

மாட்டுவண்டிக் காலத்திலும் இந்தக் கணக்கு இருந்தது. வைக்கோல் பரப்பி மேலே பாய் விரித்த கூண்டு வண்டி, குடும்பத்துக்கும் பொங்கல் பானைக்கும். வில் வண்டி வசதியான வீட்டார் இருவர் மூவருக்கு.

மோட்டார் வந்ததும் அளவைச் சட்டம் வகுத்தது. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, டிரைவர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றாத வாடகை வண்டிதான் மோட்டார் கேப். அந்த ஆறு பேர் கணக்குக்குள் நெடுங்காலம் ஓடியது அம்பாசிடர். 1957 முதல் வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் அது. ஃபியட்டும் இருந்தது, ஆனால் கிராமத்து மண்பாதைக்கும் பெருங்குடும்பத்துக்கும் அம்பாசிடர்தான் ஈடு கொடுத்தது. அதன் முன்சீட்டு ஒரே பலகையாக நீண்டிருக்கும்; கியர் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டி மேலே இருந்ததால் டிரைவர் பக்கத்தில் இருவர் தாராளமாக உட்காரலாம். பின்னால் நால்வர், மடியில் பிள்ளைகள். அண்டாவும் ஜமுக்காளமும் கூரைமேல் கேரியரில் ஏறும். தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் ஒரு வீடே கிளம்பிவிடும். ஒரே காரைச் சின்ன வண்டியாகவும் பெரிய வண்டியாகவும் பயன்படுத்த வைத்தது அந்தப் பலகைச் சீட்டு. வாடகை வண்டிகளின் சரித்திரத்தில் அதற்குத் தனி இடம் கொடுக்கலாம்.

அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் மெட்டடார் வேன். புனேயின் பஜாஜ் டெம்போ 1987-இல் டெம்போ டிராவலரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டம், ஆறுக்கு மேல் பன்னிரண்டு பேர் வரை ஏற்றும் வண்டிக்கு மேக்சி கேப் என்று பெயர் வைத்தது. இன்று ஊரில் "பன்னெண்டு சீட்டு" என்று கேட்கிறார்களே, அது சட்டத்தின் மேல்வரம்பேதான்.

1989-இல் மத்திய அரசு ரென்ட் எ கேப் திட்டத்தை அறிவித்தது. வாடிக்கையாளரே ஓட்டிச் செல்ல வண்டி கொடுக்கலாம். ஆனால் உரிமம் வாங்க ஐம்பது வண்டிகளாவது வேண்டும். கடன் வாங்கி ஒரு காரை ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கும் திண்டிவனத்துக்காரருக்கு அது எட்டாத கணக்கு. அதனால் இங்கே வண்டியோடு டிரைவரும் வருகிறார். பேட்டாவும் வாடகையோடு சேர்கிறது. மெக்ஸிகோவுக்கோ துபாய்க்கோ போய் கார் எடுப்பவர் ஐந்து சீட்டையும் தனதாக எண்ணலாம். இங்கே ஒரு சீட்டைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

1994-இல் டாடா சுமோ, 2000-இல் டொயோட்டா குவாலிஸ், 2005-இல் இன்னோவா. இன்னோவாவில் ஏழு சீட்டு, எட்டு சீட்டு என்று இரண்டு உண்டு. டிரைவரைக் கழித்தால் முதலாவது ஆறு பேர், மோட்டார் கேப். இரண்டாவது ஏழு பேர், மேக்சி கேப். ஒரே ஒரு சீட்டு வித்தியாசத்தில் பெர்மிட் வகையே மாறிவிடும். பயணிக்குத் தெரிய வேண்டியது வேறொன்று: கடைசி வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடம் சுருங்கிவிடும். ஆறு பேரும் ஆறு பெட்டியும் என்றால் மேலே கேரியர் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. சின்ன கார்களிலும் இதே சிக்கல்தான். கேஸில் ஓடும் டாக்ஸியில் டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டரே எடுத்துக்கொள்ளும்.

இன்னோவா வந்த அதே 2005-இல் டாடா ஏஸும் வந்தது. சரக்கேற்றப் பிறந்த அந்தக் குட்டியானையில்தான் இன்று எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் வளைகாப்புக்கும் காரியத்துக்கும் போகின்றன. பின்பக்கத் தொட்டியில் பாட்டிகளும் கைக்குழந்தைகளும் கம்பியைப் பிடித்தபடி நிற்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. வண்டி கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள சீட்டோ பெல்ட்டோ இல்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. இந்தச் சேதி ஊர் ஊராகப் போய்ச் சேரவில்லை.

முப்பது பேர் இந்தக் கேப் வண்டிகளில் சட்டப்படி போக இரண்டு பன்னெண்டு சீட்டு டிராவலரும் ஒரு ஏழு சீட்டு இன்னோவாவும் வேண்டும். மூன்று வண்டி, மூன்று டிரைவர், மூன்று பேட்டா. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அவ்வளவு பணம் புரளாது. குட்டியானைக்கு ஒரே வாடகை.