முதல் செய்திக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் இடையில்: தாம்பரம் புறநகரும் சிறார் பாதுகாப்புச் சட்டங்களும்

2025 ஜனவரி 10 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் இரண்டு சட்டமுன்வடிவுகளைக் கொண்டுவந்தார். மறுநாளே இரண்டும் நிறைவேறின. கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் ஒரு மாணவிக்கு நேர்ந்த வன்கொடுமையும், அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்ததும் கிளப்பிய கொதிப்பு அடங்காத நேரம் அது. செய்திகளில் முன்னே நின்றது தண்டனைக் கணக்குதான்: பின்தொடர்தலுக்கு முதல் முறை மூன்றாண்டாக இருந்த உச்சவரம்பு ஐந்தாகிறது, மறுமுறை என்றால் ஐந்து ஏழாகிறது. 1998-ஆம் ஆண்டின் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்தில் செய்யப்பட்ட இரண்டு மாற்றங்கள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. மின்னணு வழியில் வரும் தொல்லையும் துன்புறுத்தலே என்றது ஒன்று. தொல்லை தருபவர் பாதிக்கப்பட்டவரை எவ்வகையிலும் தொடர்பு கொள்ளக் கூடாது என்று தடுக்கும் பாதுகாப்பு ஆணைக்கு வழி செய்தது மற்றொன்று.

இரண்டாவது மாற்றம்தான் அந்த இரு நாள் சட்டப் பணியில் உருப்படியானது என்பது இக்கட்டுரையின் வாதம். அது பாதியில் நின்றுவிட்டது என்பது வாதத்தின் மறுபாதி.

காரணம் எளிது. ஒரு குழந்தையைக் குறிவைப்பவன் அனுப்பும் முதல் செய்திக்கும், காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கைக்கும் இடையில் வாரங்கள், சில வேளை மாதங்கள் ஓடிவிடுகின்றன. தண்டனை எத்தனை ஆண்டாக இருந்தாலும் அது பின்னதற்குப் பிறகே வேலை செய்யத் தொடங்கும். இடைப்பட்ட காலத்தில் குறுக்கே நிற்கக்கூடிய நேரடியான கருவி பாதுகாப்பு ஆணை. ஆனால் அது பெண்களுக்கான சட்டத்தில் இருக்கிறது. சேலையூரிலோ பம்மலிலோ பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை முகம் தெரியாத ஆள் விளையாட்டுச் செயலி வழியே விடாமல் துரத்தினால், அந்த ஆளை விலக்கி நிறுத்தும்படி கேட்க அதில் இடமில்லை.

1998 சட்டம் பிறந்த கதை இங்கே பொருந்தும். அந்த ஆண்டு ஜூலையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் ஆட்டோவில் வந்த கும்பலின் அத்துமீறலில் அடிபட்டு இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அவசரச் சட்டம் வந்தது. எங்கெல்லாம் தொல்லை நேரலாம் என்று அது ஒரு பட்டியலே போட்டது: கல்வி நிறுவனம், கோயில், பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், திரையரங்கு, பூங்கா, கடற்கரை. கல்வி நிறுவனத் தலைவர்களுக்கும் பேருந்து ஊழியர்களுக்கும் கூட கடமைகளை வகுத்தது. கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்வரும் ஒரு பெண்ணின் அன்றைய பயணப் பாதை முழுவதும் அந்தப் பட்டியலில் அடங்கிவிடும். கைப்பேசித் திரைதான் அதில் இல்லை. அதைச் சேர்க்க இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையைத் தொடர்ந்து, 2013-இல் பின்தொடர்தல் தனிக் குற்றமாகத் தண்டனைச் சட்டத்தில் ஏறியது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒருத்தி பலியாகவோ சிதையவோ வேண்டியிருந்திருக்கிறது.

இதே ரயில் பாதையில் 2022 அக்டோபர் 13 அன்று, பரங்கிமலை நிலையத்தில், தன்னை விடாது பின்தொடர்ந்த இளைஞனால் ஒரு கல்லூரி மாணவி ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். விவகாரம் முன்பே காவல் நிலையம் வரை போயிருந்தது. 2024 டிசம்பர் இறுதியில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. சட்டத்தில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. புறநகர்க் காவல் நிலையங்களோடு பழகியவர்களுக்கு இப்படிப்பட்ட புகார்களின் வழக்கமான முடிவு தெரியும்: புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது ஒன்று, இரு தரப்பையும் கூப்பிட்டு ஒரு பேச்சு, இனி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்பிவைத்தல். எழுதிக் கொடுத்த தாளை மீறினால் என்ன ஆகும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. பாதுகாப்பு ஆணை என்பது, சுருக்கமாகச் சொன்னால், அந்தத் தாளுக்குச் சட்டத்தின் பல்லை வைப்பது.

கடும் தண்டனையின் மீதுள்ள நம்பிக்கைக்கு முகலிவாக்கம் வழக்கும் பாடமாக நிற்கிறது. 2017-இல் அங்கே ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் சுமார் ஓராண்டில் மரண தண்டனை விதித்தது. 2018-லேயே உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புலனாய்வின் ஓட்டைகளைச் சுட்டி, குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. தண்டனை உச்சத்தில் இருந்தது. அதைத் தாங்கும் சான்று இல்லை.

இனி சிறார்களுக்கென்றே உள்ள சட்டம். 2012 நவம்பர் 14 முதல் நடப்பிலுள்ள போக்சோ, ஆண் பெண் வேறுபாடு பார்க்காமல் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் காக்கிறது. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், கவனிப்பதும், நேரிலோ மின்னணு வழியிலோ தொடர்பு கொள்வதும் அதன் 11-ஆம் பிரிவில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை. இணையத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட விதத்தில் தொலைநோக்கான பிரிவுதான். சிக்கல் 'பாலியல் நோக்கம்' என்ற நிபந்தனையில் இருக்கிறது. நீதிமன்றத்தில் அதற்கு 30-ஆம் பிரிவின் அனுமானம் துணை நிற்கும். குற்ற மனம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிரியின் மேல் விழும். ஆனால் வழக்கு நீதிமன்றம் வரை போனால்தானே?

குழந்தையை வசப்படுத்துபவன் முதலில் பாலியல் பேசுவதே இல்லை. ஃப்ரீ ஃபயர் போன்ற ஆட்டத்தில் அணியில் சேர்ந்துகொள்கிறான், ஆட்டத்துக்குள் செலவிடும் டைமண்ட் வாங்கித் தருகிறான், வீட்டில் திட்டு வாங்கிய அன்று ஆறுதல் சொல்கிறான், பிறகு பேச்சை இன்ஸ்டாகிராமுக்கோ டெலிகிராமுக்கோ நகர்த்துகிறான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்ற வாக்குறுதி அதற்கும் பிறகு வருகிறது. இவற்றில் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் குற்றமாகத் தெரியாது. உதவி ஆய்வாளர் ஒருவர் இந்தத் திரைப்பிடிப்புகளைப் பார்த்துவிட்டு 'இதில் தப்பாக ஒன்றும் இல்லையே' என்று சொன்னால், சட்ட வாசகம் அவர் பக்கமே சாயும். படம் கேட்கும் கட்டம் வந்த பிறகுதான் பிரிவு தெளிவாகப் பொருந்துகிறது. அதற்குள் குழந்தையின் படம் கைமாறியிருக்கும், மிரட்டலும் தொடங்கியிருக்கும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. குழந்தையை இணைய உறவுக்குப் பழக்குவதையும் ஆசைகாட்டி இழுப்பதையும் அது குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். வசப்படுத்தலை நேரடியாகத் தொடும் இந்தியச் சட்ட வாசகம் என்றால் இதைத்தான் காட்ட வேண்டும். அதிலும் உறவு வெளிப்படையான பாலியல் செயலுக்கானதாகவோ, நியாயமான ஒரு பெரியவரின் மனத்தைப் புண்படுத்தும் விதத்திலோ இருக்க வேண்டும் என்று வாசகம் தடுமாறுகிறது. குழந்தைக்கு ஆபத்தா என்று கேட்க வேண்டிய இடத்தில் பெரியவருக்கு அருவருப்பா என்று கேட்கும் விசித்திரம்! போதாக்குறைக்கு, அந்தச் சட்டத்தின் கீழ் ஆய்வாளருக்குக் குறைந்த பதவியில் இருப்பவர் புலனாய்வு செய்ய முடியாது. போக்சோவோ குழந்தையின் வாக்குமூலத்தை, இயன்றவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றி, குழந்தை விரும்பும் இடத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. ஒரே புகாருக்கு மகளிர் காவல் நிலையம் ஒரு பக்கம், சைபர் குற்றப் பிரிவு மறுபக்கம் என்று குடும்பம் அலைவதற்கு இந்தப் பிளவும் ஒரு காரணம்.

படங்களைப் பொறுத்தவரை அமைப்பு ஓரளவு இயங்கவே செய்கிறது. காணாமல்போன, சுரண்டப்படும் சிறார்களுக்கான அமெரிக்கத் தேசிய மையத்துடன் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்துகொண்டது. இணைய நிறுவனங்கள் அம்மையத்துக்கு அனுப்பும் அறிக்கைகள் அதன் வழியே மாநிலக் காவல் துறைக்கு வருகின்றன. அப்படி வந்த தகவலில்தான் 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு வழக்கு பதிவானது. கைப்பேசியில் இருந்த காணொளிகள் சிறுவர்களுடையவை. தனியே பார்ப்பது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா அமர்வு அந்தத் தீர்ப்பை நீக்கி வழக்கை உயிர்ப்பித்தது. 2019 இறுதியில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றத் தடுப்புப் பிரிவின் கூடுதல் டிஜிபியாக இருந்து, இப்படிப்பட்ட பதிவிறக்கம் செய்வோரைப் பொதுவெளியில் எச்சரித்த மு. ரவியே 2022 ஜனவரியில் தொடங்கிய தாம்பரம் காவல் ஆணையரகத்தின் முதல் ஆணையர் என்பதையும் இங்கே சொல்லலாம். என்றாலும் இந்த வலையில் பெரும்பாலும் சிக்குவது படம்தான். படம் பிறப்பதற்கு முந்தைய பேச்சு சிக்குவதில்லை.

தாம்பரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆயின. இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம். காவல் ஆணையரகத்தின் எல்லையோ மணிமங்கலம் பக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. போக்சோ புகார் வந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழுவும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் மாவட்டவாரியானவை. ஆகவே ஒரே ஆணையரகத்தின் பிள்ளைகளில் ஒருவனுக்குச் செங்கல்பட்டு, இன்னொருவனுக்குக் காஞ்சிபுரம். நங்கநல்லூரில் படித்து மாடம்பாக்கத்தில் குடியிருக்கும் பிள்ளை என்றால் சென்னையும் சேர்ந்துகொள்ளும். தொல்லை தருபவன் எங்கிருக்கிறான் என்பதே தெரியாத குற்றத்துக்கு எல்லைக்கோடுகளை வைத்து நிலையம் பிரிப்பதில் பெரிய பொருளில்லை.

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. சட்டத்தின் கையை முன்கட்டத்துக்கு நீட்டினால் அது பதின்வயதினரின் காதல் மீதும் விழும் என்பார்கள். நியாயமான அச்சம். சம்மத உறவில் இருந்த இளம் வயதினர் தொடர்பான போக்சோ வழக்கு ஒன்றை 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தபோது, அச்சட்டத்தின் நோக்கம் இதுவல்ல என்று எடுத்துரைத்தார். 2022 டிசம்பரில் டிஜிபி சி. சைலேந்திர பாபுவும் இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரக் கைது கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். பதினேழு வயதுப் பையன் வகுப்புத் தோழிக்கு அனுப்பும் அசட்டுச் செய்தியையும், முப்பது வயது ஆள் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அனுப்பும் கனிவான செய்தியையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம் மோசமான சட்டம்தான். ஆனால் சிறையை நீட்டுவதில் உள்ள அபாயம் விலகி நிற்கச் சொல்வதில் மிகக் குறைவு. ஆணையால் ஒருவரும் சிறைக்குப் போவதில்லை. அதை மீறுபவர்தான் போகிறார். வயது வித்தியாசத்தை வாசகத்திலேயே எழுதிவிடவும் முடியும். இங்கிலாந்தும் வேல்ஸும் 2017 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய பிரிவு, பதினெட்டு நிறைந்தவர் பதினாறுக்குக் கீழ்ப்பட்டவரோடு பாலியல் தொடர்பாடல் செய்வதையே குற்றமாக்குகிறது. இளையவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது அதில் வராது.

ஆஸ்திரேலியா போன பாதை வேறு. 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வரை பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவின் பெயரில் என்றிருக்கும் குடியிருப்புகளில் இந்த ஒப்புதலை யார் யாருக்குத் தருவது என்பது வேடிக்கையான கேள்வி.

தமிழ்நாடு இதற்காக டெல்லியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. 1998 சட்டம் மாநிலத்தின் சொந்தச் சட்டம். பாதுகாப்பு ஆணைக்குரியவராக எல்லாக் குழந்தைகளையும், சிறுவர்கள் உட்பட, சட்டமன்றமே சேர்க்கலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடம் இருந்தால் மட்டுமே அரசியலமைப்பின் 254(2) படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும். ஆணையை யார் பிறப்பிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ரவுடிகளிடம் நன்னடத்தைப் பிணை வாங்கும் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்குத் தந்த அரசாணைகளை 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் செல்லாதவை என்றது. விசாரிப்பவரே தீர்ப்பவராகவும் இருக்க முடியாது என்பது அதன் சாரம். எனவே குழந்தைக்கான ஆணை போக்சோ சிறப்பு நீதிமன்றத்திடமோ நீதித்துறை நடுவரிடமோ இருப்பதே நிலைக்கும். விண்ணப்பிக்கும் உரிமையைப் பெற்றோருக்கு மட்டும் விட்டுவிடாமல் பள்ளிக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தர வேண்டும். தொல்லை தருபவர் உறவினராக இருக்கும் வீடுகளும் உண்டு. கணக்கின் உரிமையாளர் யாரென்றே தெரியாதபோது, அந்தக் கணக்கை முடக்கி விவரம் தரும்படி நிறுவனத்துக்கே ஆணை போக வேண்டும்.

கடைசியாகக் கைப்பேசி. மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இரு பகுதிச் சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. புகார் கொடுக்கும் குடும்பம் பெரும்பாலும் கருவியையே ஒப்படைக்க வேண்டிவருகிறது. மயிலாப்பூர்த் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போன போன் திரும்பும் நாள் யார் கையிலும் இல்லை. ஸ்விக்கி, ஓலா ஓட்டிப் பிழைக்கும் பெருங்களத்தூர்த் தகப்பன் அதை நினைத்தே புகாரைத் தள்ளிப் போடுவான். உரையாடலை நிலையத்திலேயே, குடும்பத்தார் முன்னிலையில் நகலெடுத்து, ஹாஷ் குறித்துக்கொண்டு, அன்றே கருவியைத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஆணையரகத்தின் மகளிர் காவல் நிலையங்கள் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஒருவரும், அதற்கான மென்பொருளும், டிஜிபி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் போதும்.