பெயரிட்டவன் யார்?

கல்லால் அடித்தால் காயம் தெரியும், கட்டுப் போடலாம். சொல்லால் அடித்தால்? குருதி கொட்டுவதில்லை. அதனால்தான் அடித்தவன், "என்ன செய்துவிட்டேன்? வெறும் வார்த்தைதானே!" என்று கேட்டுவிட்டுக் கைவீசி நடக்கிறான். மெத்தப் படித்தவர்களும், "சொல்லில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதுண்டு. என்ன இருக்கிறது என்பதை அறிய, தமிழ் மண்ணில் பிறந்து உலகமெங்கும் உலவும் ஒரு சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம், தோழர்களே!

பறை, ஒரு தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. மன்னன் ஆணையையும் போர்ச் செய்தியையும் ஊருக்கு உரைத்தது அந்தக் கருவி. அதை முழக்கியவன் பறையன் என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. புறநானூற்றில் மாங்குடி கிழார், சிறந்த குடிகளென நான்கை எண்ணுகிறார். அந்த நான்கனுள் ஒன்று பறையன். அங்கே இகழ்ச்சி இல்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைக்கு வாருங்கள். பெரிய கோயிலின் வானளாவிய விமானத்தை வியந்து பார்க்கிறோம். அக்கோயிலின் கல்வெட்டுகளையும் படிக்க வேண்டாமா? வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும் இடத்தில், பறைச்சேரி என்று ஒன்று வருகிறது; தீண்டாச்சேரி என்றும் ஒன்று வருகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று கல்லிலேயே வெட்டிவிட்டனர்! பழம்பாட்டில் இருந்த ஒலிதான் அது. ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைத் தாங்கியவன் நின்ற இடம் மாறிவிட்டது. நிலம் பறிபோயிற்று, குளத்தில் இறங்கும் உரிமை போயிற்று, கோயில் வாயில் அடைபட்டது. சொல்லில் நஞ்சு ஏறிய வழி இதுதான்.

ஏறிய நஞ்சு, பெயரோடு நிற்கவில்லை, இலக்கணத்துக்குள்ளும் புகுந்தது. 'அவர்' என்று ஒருவரை உயர்த்தவும், 'அவன்' என்று தாழ்த்தவும் வல்லது தமிழ். எழுபது வயது உழவரை, பண்ணையாரின் ஏழு வயது மகன் 'டேய்' என்றான். முதியவர் தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கி, 'ஆண்டே' என்றார். அந்த 'டேய்'க்குள் இருந்தது சிறுவனின் குறும்பா? நூற்றாண்டுகளின் ஆணவமல்லவா!

கடல் கடந்து வந்த ஐரோப்பியர், மிளகையும் துணியையும் மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. இந்தச் சொல்லையும் ஏற்றிச் சென்றனர். 17-ஆம் நூற்றாண்டிலேயே அது ஆங்கிலத்தில் இடம்பெற்றது. 1821-இல் பாரிசில் கசிமீர் தெலவீஞ் அதையே தலைப்பாக்கி நாடகம் எழுதினார். செர்மனியில் கெதே கவிதை எழுதினார். அங்கே அதன் பொருள் 'ஒதுக்கப்பட்டவன்'. ஆளற்ற தெருநாய்க்கும் ஆங்கிலேயர் அப்பெயரையே சூட்டினர்! இன்றும், உலக நாடுகள் ஒதுக்கி வைக்கும் நாட்டை அச்சொல்லாலேயே ஆங்கில ஏடுகள் குறிக்கின்றன. உலகுக்குத் தமிழகம் ஈந்த சொற்களுள் இதுவும் ஒன்று என்றால், தலை நிமிருமா, தாழுமா?

இந்தச் சொல்லை என்ன செய்வது? கேள்வி, அதைச் சுமந்தவர்களிடமே எழுந்தது. விடை சொன்னவர் இருவர்; ஒருவருக்கொருவர் மைத்துனர். இரட்டைமலை சீனிவாசன், 1893-இல் இதழ் ஒன்று தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். ஒளிந்து வாழ்பவனுக்கு உரிமை கிடைக்காது. 'ஆம், நான்தான்' என்று நிமிர்ந்து நின்றால்தான் கிடைக்கும் என்பது அவர் கருத்து. அயோத்திதாசப் பண்டிதரோ, அந்தப் பெயர் பகைவர் சுமத்தியது, பழைய பௌத்தர்களை இழிவுபடுத்த இட்டது என்றார். அதை ஏற்க மறுத்தார். 1907-இல் அவர் தொடங்கிய இதழ் விரைவிலேயே 'தமிழன்' என்ற பெயர் பெற்றது. ஒருவர் இழிசொல்லைக் கொடியாக்கினார். மற்றவர் அதைக் குப்பையில் எறிந்தார். வழிகள் வேறு, உரிமை ஒன்றே: என் பெயரை நான் முடிவு செய்வேன்!

அந்த உரிமைக் குரல் சட்டமன்றத்திலும் ஒலித்தது. 1922-இல், நீதிக்கட்சி ஆட்சியில், சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா தீர்மானம் கொண்டுவந்தார். 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்கள் நீக்கப்பட்டு, 'ஆதி திராவிடர்' என்ற பெயர் அரசு ஏடுகளில் ஏறியது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளாதீர் என்றது. ஒருபுறம் இழிவைக் குறித்த பெயர் நீங்கியது. மறுபுறம் செருக்கைக் காட்டிய வால் அறுந்தது. இரண்டும் ஒரே பணியின் இரு பகுதிகள்.

"இழிசொல் கூடாது, சரி, இனிய சொல்லைச் சூட்டலாமே!" என்பார் சிலர். காந்தியார் அப்படித்தான் 'அரிசன்' என்ற பெயரைப் பரப்பினார். 1933-இல் அப்பெயரில் இதழும் நடத்தினார். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். சூட்டப்பட்டவர்களைக் கேட்டாரா? ஒரு பகுதியினர் மட்டும் கடவுளின் மக்கள் என்றால், ஏனையோர் யாருடைய மக்கள்? 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அப்பெயரைச் சட்டத்தில் புகுத்த முனைந்தபோது, அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்தனர். எதிர்ப்பு ஏற்கப்படாததால் அவையை விட்டு வெளியேறினர். 1982-இல் நடுவண் அரசே, சாதிச் சான்றிதழில் அச்சொல்லை எழுத வேண்டாம் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. இரக்கத்தோடு சூட்டினாலும், கேளாமல் சூட்டிய பெயர் பாரமே.

சட்டமும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 1989-இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம், சாதிப் பெயரோடு 'பயல்' சேர்த்து ஏசுவதைக் கடுமையாகக் கண்டித்தது. 'வெறும் வார்த்தைதானே' என்ற பழைய வாதம் அங்கே எடுபடவில்லை.

ஆனால் தோழர்களே, சொல்லை மாற்றினால் மட்டும் போதுமா? 'சேரி' என்ற சொல் கசந்தபோது, 'காலனி' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. அதற்குச் சாதி ஏது? ஆயினும் ஊரும் சேரியும் பிரிந்தே கிடந்ததால், அந்தப் புதுச்சொல்லிலும் பழைய நஞ்சு ஊறியது. 2025 ஏப்ரலில், அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அடுத்து வரும் சொல்லும் கெடாமல் இருக்க வேண்டுமானால், பெயர்ப்பலகை மாறினால் போதாது. தெருவும் மாற வேண்டும்.

அதே சொல், தாழ்த்துவோன் வாயில் வசை. தாழ்த்தப்பட்டோர் தாமே உரத்துச் சொன்னால் போர்முழக்கம். இன்று பறையைத் தோளில் ஏந்தி மேடையேறும் இளைஞர்களைப் பாருங்கள்! பிறர் இழித்த கருவியைத் தம் பெருமையாகக் கொண்டு அவர்களே முழக்குகிறார்கள். ஆகவே, 'இந்தச் சொல் இழிவா?' என்று அகராதியைக் கேட்பதில் பயனில்லை. அழைக்கப்படுகிறவரைக் கேளுங்கள். அவர் தமக்கு விரும்பும் பெயரால் அவரை அழையுங்கள். மரியாதை என்பது அவ்வளவு எளியது, அவ்வளவு அரியது!

மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, இறங்கியதும் தேநீர்க்கடைச் சிறுவனை 'டேய்' என்கிறோமா? தெருக் கூட்டும் அம்மையாரை 'ஏய்' என்கிறோமா? கல்வெட்டில் ஏறிய கொடுமையை அழிக்கப் புறப்பட்டவர்கள் நாம். நம் நாவிலிருந்து தொடங்குவோம்!