சார்ஜன்ற் பெப்பரின் பக்கவாத்தியக்காரர்கள்

1967 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம் திகதி இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்த ஓர் இசைத்தட்டைப் பற்றிய சண்டை இன்னமும் ஓய்ந்தபாடில்லை. பீற்றில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ற் பெப்பர்' தான் அது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் உச்சியில் அது மொத்தம் 28 வாரங்கள் நின்றது. மேற்கு நாகரிகத்தின் வரலாற்றிலேயே ஒரு திருப்புமுனை என்று நாடக விமர்சகர் கெனத் ரைனன் புகழ்ந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் றிச்சர்ட் கோல்ட்ஸ்ரீன் என்ற இளம் விமர்சகர் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் இது வெறும் மினுக்கு வேலை என்ற தொனியில் எழுதி, ரசிகர்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். றோலிங் ஸ்ரோன் சஞ்சிகை 2003 இல் வெளியிட்ட ஐந்நூறு சிறந்த இசைத்தட்டுகளின் பட்டியலில் இது முதலாவது. அதே சஞ்சிகை 2020 இல் பட்டியலைத் திருத்தியபோது இருபத்துநான்காவது. இதைக் குப்பைக் கலவை என்று கீத் றிச்சர்ட்ஸ் 2015 இல் சொன்னபோது, ஐம்பது வருடத்துப் பழைய சண்டை நேற்றுத் தொடங்கியதுபோல் மறுபடியும் மூண்டது.

லண்டன் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரங்களோடும் வெங்காயத்தோடும் நிற்கிற எமக்கு இந்தச் சண்டையில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. இந்த இசைத்தட்டின் பிறப்புக் கதையில் சாப்பாடு இரண்டு தடவை வருகிறது. முதலாவதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலாவது கதை இது. 1966 ஓகஸ்ட் 29 ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு பீற்றில்ஸ் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்திக்கொண்டார்கள். நவம்பரில் போல் மக்கார்ட்னி நைரோபியிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் குழுவின் உதவியாளர் மல் எவன்ஸ். சாப்பாட்டுத் தட்டில் உப்புக்கும் மிளகுக்கும் இரண்டு சிறு பைகள். அவற்றில் ஒவ்வோர் எழுத்து. அதைப் பற்றிய பேச்சு விளையாட்டாகத் திரிந்து 'சார்ஜன்ற் பெப்பர்' ஆயிற்று. நாம் இன்னொரு பாண்ட் வாத்தியக் குழுவாக வேடம் போட்டால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்ததாம்.

இந்த இடத்தில் ரசிகர்கள் பிரிகிறார்கள். மூலம் போலுடையது என்பார் ஒரு சாரார். இல்லை, பீச் போய்ஸ் குழுவின் பிறயன் வில்சன் 1966 மே மாதம் வெளியிட்ட 'பெற் சவுண்ட்ஸ்' தான் இதன் தாய் என்பார் மறுசாரார். அந்தத் தாய்க்கும் ஒரு தாய் உண்டு. பீற்றில்சின் முந்திய தட்டான 'றப்பர் சோல்' கேட்ட பிறகுதான் வில்சன் தன் தட்டைச் செய்தார். பிராங் சப்பாவின் பெயரை இழுப்பவர்களும் உளர். வழக்கு இப்படிச் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும். முழுத்தட்டும் ஒரே கருத்தில் கோத்ததா என்பதிலும் இழுபறிதான். தலைப்புப் பாட்டும் அதன் மறுவரவும் நீங்கலாக, ஏனையவற்றுக்கும் அந்தக் கற்பனைக் குழுவுக்கும் பெரிய சம்பந்தமில்லை. தன்னுடைய பாட்டுகளுக்கு அந்தக் கதையோடு தொடர்பே இல்லையென்று ஜோன் லெனனே சொல்லிவிட்டார்.

இத்தனை வழக்குகளிலும் தேடப்படுவது ஒரு தலை. யாருடைய தலையில் முதலில் உதித்தது என்பதே கேள்வி. வாசித்த கைகளைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

கைகளைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் தட்டைப் புரட்டிப்போட வேண்டும். இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டு ஜோர்ஜ் ஹரிசன் எழுதியது. ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடியது. தம்புராவின் சுருதியில் தொடங்குகிறது. ஹரிசனைத் தவிர மற்றைய மூவரில் ஒருவரும் அதில் வாசிக்கவில்லை. தட்டின் மிகப் பெரிய பிணக்கும் இதுதான். இந்தப் பாட்டு வந்ததும் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இதுவே ஹரிசனின் ஆகச் சிறந்த ஆக்கங்களில் ஒன்றென லெனன் மதித்தார். வெள்ளைக்காரப் பையனின் கீழைத்தேச வேடம் என்று ஒதுக்குபவர்களும், தட்டு முழுவதிலும் உண்மை பேசுகிற ஒரே பாட்டு என்பவர்களும் இன்றும் உண்டு.

இந்தப் பாட்டின் மூலம் ஓர் உணவகத்தில் இருக்கிறது. சாப்பாடு வருகிற இரண்டாவது இடம் இதுதான். 1965 ஏப்ரலில் ருவிக்கனம் படப்பிடிப்புக் கூடத்தில் 'ஹெல்ப்' படத்துக்காக ஓர் இந்திய உணவகக் காட்சி எடுத்தார்கள். சூப்புக்குள்ளிருந்து பிரயாணச் சீட்டு வருகிற பகிடியெல்லாம் அதில் உண்டு. உணவகத்தின் மூலையில் இருந்து வாசிப்பதற்குச் சில இந்திய வாத்தியக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். படப்பிடிப்பின் இடைவேளையில் ஹரிசன் அங்கிருந்த சித்தாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒக்ஸ்போர்ட் வீதியிலிருந்த இந்தியாகிராப்ற் கடையில் தனக்கென ஒன்றை வாங்கினார். அந்த வருடம் ஒக்டோபரில் 'நோர்வீஜியன் வூட்' பாட்டில் அதை வாசித்தார். மேற்கின் பொப்பிசைக்குள் சித்தார் புகுந்த பெருங்கதையின் முதற்காட்சியில், முகம் தெரியாத கூலி வாத்தியக்காரர் சிலர் உணவக வேடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கடந்துதான் அந்தக் கதை மேலே போகிறது.

அந்த ஒலிப்பதிவின்போது சித்தாரின் கம்பி ஒன்று அறுந்ததாகவும், புதுக்கம்பிக்கு எங்கே போவது என்று விசாரித்தபோது வட லண்டன் பின்ச்லியிலிருந்த ஏசியன் மியூசிக் சேர்க்கிளின் தொடர்பு கிடைத்ததாகவும் சொல்வார்கள். இச்சங்கத்தை 1946 இல் தொடங்கியவர் அயன அங்காடி. கன்னட நாட்டிலிருந்து 1924 இல் லண்டன் வந்தவர். சிவில் சேவைக்குப் போவார் என்று வீட்டார் எதிர்பார்த்திருக்க, அவர் இடதுசாரி அரசியலுக்குள் போனார். அவருடைய ஆங்கிலேய மனைவி பற்றீசியா ஓர் ஓவியர். யெகுடி மெனுகின் சங்கத்தின் தலைவராயிருந்தார். ஹரிசன் 1966 ஜூனில் ரவிசங்கரை முதன்முதல் சந்தித்ததும் அங்காடி வீட்டில்தான். படிக்க வந்து படிப்பு வேறு திசையில் போன ஒருவர், ஒரு வீட்டின் முன்னறையை ஓர் இசையின் வாசலாக மாற்றினார். லண்டனில் எம்மவரின் பல காரியங்களும் இப்படி வீட்டு முன்னறைகளிலேயே நடந்திருக்கின்றன என்பதால், இந்தச் சங்கத்தின் கதை எமக்கு அந்நியமாகப் படவில்லை.

1966 ஏப்ரலில் 'றிவோல்வர்' தட்டுக்கு ஒரு தபேலாக்காரர் தேவைப்பட்டார். அங்காடி தொலைபேசியில் அனில் பாகவத் என்ற இளைஞரைக் கூப்பிட்டார். யாரோடு வாசிக்கப் போகிறோம் என்பதே, தன்னை ஏற்றிப் போகப் பெரிய கார் வந்து நின்ற பிறகுதான் பாகவத்துக்கு விளங்கியது. அந்தத் தட்டின் உறையில் அவருடைய பெயர் அச்சாகியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பெயர் போடும் வழக்கமே அன்று இல்லையென்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

1967 மார்ச் 15 ஆம் திகதி ஈ.எம்.ஐ. கலையகத்தில் கம்பளம் விரித்து, சாம்பிராணி வாசத்தில் 'சார்ஜன்ற் பெப்பர்' தட்டின் அந்தப் பாட்டு ஒலிப்பதிவாயிற்று. சங்கத்தின் மூலம் வந்தவர்கள் தில்ருபா, தம்புரா, தபேலா வாசித்தார்கள். தில்ருபா என்பது வில்லால் வாசிக்கிற, சித்தாரைப் போல மெட்டுகள் கட்டிய வாத்தியம். ஹரிசன் தான் நினைத்ததை வாயாற் பாடிக்காட்ட, அவர்கள் அதை வாசித்தார்கள். 2017 இல் வெளிவந்த ஐம்பதாவது ஆண்டுப் பதிப்பில் இந்தப் பயிற்சியையே கேட்கலாம். பாட்டு ரவிசங்கர் அகில இந்திய வானொலிக்குச் செய்த நீண்ட ஆக்கமொன்றை முன்மாதிரியாகக் கொண்டது. ஹிந்துஸ்தானியில் கமாஜ் தாட் என்பார்கள். எங்கள் காதுக்கு ஹரிகாம்போதியின் சுரங்கள். நடுவில் பாடல் நின்று, தாளம் பத்து அட்சரத்துக்கு மாறி, ஐந்தைந்தாக நடக்கிறது. ஏப்ரல் 3 ஆம் திகதி எட்டு வயலின்களும் மூன்று செலோக்களும் சேர்க்கப்பட்டன. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டினுக்கு அன்று சிரமமான வேலை. தில்ருபாவின் இழைவுகளை மேற்கத்திய வயலின்காரர் பின்தொடர வேண்டியிருந்தது. ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது அந்த ஒரு பொழுதுக்காவது இடம் மாறியிருந்தது.

இனி உறையைப் பார்ப்போம். பீற்றர் பிளேக்கும் ஜான் ஹாவேத்தும் அமைத்த அந்தப் படத்தில் உலகமே கூடி நிற்கிறது. எழுத்தாளர், நடிகர், குத்துச்சண்டைக்காரர், மெழுகுப் பொம்மைகள். ஹரிசன் விரும்பியபடி யோகானந்தர் உட்பட நான்கு இந்தியக் குருமாரும் இருக்கிறார்கள். காந்தியும் இருந்தார், இந்தியாவில் விற்பனை கெட்டுவிடும் என்று ஈ.எம்.ஐ. தலைவர் அஞ்சியதால் அவரை எடுத்துவிட்டார்கள். படத்தில் நிற்பதற்குக் காசு கேட்ட ஒரு நடிகரும் நீக்கப்பட்டார். உறையின் பின்புறத்தில் பாட்டு வரிகள் முழுவதும் அச்சிடப்பட்டிருந்தன. தியானத்தில் இருந்த இந்தியருக்கு முன்புறத்தில் இடம் கிடைத்தது. வேலை செய்த இந்தியருக்குப் பின்புறத்தில் ஒரு வரியும் கிடைக்கவில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமானால், வயலின் வாசித்த வெள்ளையரின் பெயர்களும் அந்த உறையில் இல்லை. ஆனால் எரிக் குறுவென்பேர்க் தொடக்கம் அந்தப் பதினொருவரின் பெயர்களையும் ஒலிப்பதிவு வரலாற்று நூல்களில் வரிசையாக வாசிக்கலாம். தில்ருபாக்காரரோ நெடுங்காலமாக 'இந்திய இசைக்கலைஞர்கள்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிக் கிடந்தார்கள். அவர்களின் பெயர்கள் பரவலாக வெளியே வந்தது தட்டின் ஐம்பதாவது ஆண்டான 2017 இல்தான். அன்னா ஜோஷியும் அம்றித் கஜ்ஜரும் தில்ருபா. புத்ததேவ் கன்சாரா தம்புரா. நட்வர் சோனி தபேலா. ஓர் இசைத்தட்டின் ஒவ்வொரு தும்மலுக்கும் விளக்கம் எழுதிய ரசிகர் உலகம், இந்த நான்கு பெயர்களை அறிய அரை நூற்றாண்டு எடுத்திருக்கிறது.

பெயர் இல்லாமையெல்லாம் பறிக்கப்பட்டதல்ல என்பதை அகதிகளான நாம் அறிவோம். விசா இல்லாமற் சமையலறையில் நிற்பவன் தன் பெயரைத் தானே மறைப்பான். ஊரிலுள்ள உறவுக்குத் தீங்கு வரக்கூடாதென்று புனைபெயரில் எழுதுபவர்கள் எம்மிடையே நிறையப் பேர். அப்படி மறைத்த பெயரைத் தோண்டி எடுப்பது துரோகம். ஆனால் இந்த நால்வரும் ஒளித்திருக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கப்படாமையும் மறைந்திருத்தலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரிவதுதான் ஆபத்து.

எமக்குள்ளும் இதே வகைச் சண்டை உண்டு. இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை கிளம்பிய காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், நித்தி கனகரத்தினமா, ஏ.ஈ. மனோகரனா என்று விடிய விடிய வாதிடுவோம். 'சின்ன மாமியே' யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழுக்குக் கிடைத்த மதிப்பா, பண்டிதர்கள் முகம் சுளித்தபடி பைலாவின் எச்சமா என்பது மற்ற வாதம். பைலாவின் வேர் போர்த்துக்கேயர் காலத்துக்குப் போகிறது என்று ஒருவர் சொல்ல, மூலவழக்கு அங்கும் சுற்றத் தொடங்கும். அந்தப் பாட்டுகளுக்குப் பொங்கோ தட்டியவர் யார், கிற்றார் வாசித்தவர் யார் என்று எமது வாதங்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? புலம்பெயர்ந்த பின் நாம் வெளியிட்ட ஒலிநாடாக்களின் உறைகளைத் திருப்பிப் பாருங்கள். கவிஞர் இருப்பார், பாடகர் இருப்பார், வெளியிட்ட அமைப்பின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மிருதங்கமும் வயலினும் 'பக்கவாத்தியம்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

'சார்ஜன்ற் பெப்பர்' உலகத்தின் முதலாவது தட்டா, இருபத்துநான்காவதா என்பதை ரசிகர்கள் தொடர்ந்து பிடுங்குப்படட்டும். ஹரிசனின் பாட்டைப் பற்றி எமது அபிப்பிராயம் இதுதான்: அது சாஸ்திரிய சங்கீதமல்ல, அப்படி அது சொல்லிக்கொள்ளவுமில்லை. ஒரு மாணவன் பயபக்தியோடு செய்த, சில இடங்களில் வார்த்தை மிஞ்சிய, நடுப்பகுதியில் உண்மையிலேயே உயர்ந்து நிற்கிற ஆக்கம். அந்த உயரம் தில்ருபாக்காரரும் தபேலாக்காரரும் சேர்ந்து ஏற்றி வைத்தது. ஊசியைத் தூக்கப் போகிறவர்கள் அந்தப் பத்து அட்சரப் பகுதி முடியும்வரையாவது பொறுத்துக் கேட்கட்டும்.

எம்மிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய தட்டுகளும் நாடாக்களும் இன்னமும் இருக்கின்றன. அவற்றில் வாசித்தவர்களில் சிலர் இந்த லண்டனிலேயே, ஈஸ்ற்ஹாமிலோ வெம்பிளியிலோ வாழக்கூடும். விசாரித்து, அவர்கள் சம்மதித்தால், உறையின் பின்புறத்தில் பேனையால் எழுதி வையுங்கள்.