மெழுகுதல் / துடைத்தல்: தரையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

கம்பின் நுனியில் துணியைக் கட்டிய 'மாப்' நம் வீடுகளுக்குள் நேற்றுத்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலும் பெரிய ஆபீஸ்களிலும் அது முன்பே உண்டு. நடுவீட்டுக்கு வந்தது சமீபத்தில். அதற்கு முன்னால், இலக்கியச் சான்று கிடைக்கிற காலத்திலிருந்தே, தரையைச் சுத்தம் செய்தது கைதான். முதலில் கையில் சாணி இருந்தது, பிறகு துணி. அந்தக் கை யாருடையது என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு வரலாறு கிடைக்கும். நம் பண்பாட்டு வரலாற்றாசிரியர்கள் விமானம், கோபுரம், சுவரோவியம் என்று அண்ணாந்தே பார்த்துப் பழகியவர்கள். குனிந்து பார்க்கிற முறையியல் இன்னும் வாய்க்கவில்லை. குனிந்தால் இடுப்பு வலிக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் இரண்டு வினைச்சொற்கள். மண்தரையை யாரும் 'துடைப்பது' இல்லை, மெழுகுவார்கள். துடைப்பது நீக்குவது, மெழுகுவது சேர்ப்பது. பெருக்கிய தரையில், தண்ணீரில் கரைத்த சாணியை, சில ஊர்களில் செம்மண்ணோ கரித்தூளோ கலந்து, உள்ளங்கையால் பூசி இழுக்கிறார்கள். சாணியில் செரிக்காமல் தங்கிய புல்லின் நார் மண்துகளைப் பிடித்துக்கொள்கிறது. காய்ந்ததும் புழுதி எழும்பாது, வெடிப்பும் அடைபடும். ஆக இது சுத்தம் செய்யும் வேலை மட்டுமில்லை, கொத்து வேலையும்தான். சுவரை எழுப்பிய கொத்தனாருக்குக் கூலி உண்டு. வாராவாரம் தரையைப் புதுப்பித்த கொத்தனாருக்கு 'மருமகள்' என்று பெயர்.

இதில் அழுக்குத் தண்ணீர் என்று ஒன்று மிஞ்சுவதில்லை. போன வெள்ளிக்கிழமையின் மேல் இந்த வெள்ளிக்கிழமை படிகிறது. ஒரு பிரதியின் மேல் இன்னொரு பிரதி. ஒவ்வொரு பூச்சிலும் விரல்கள் அரைவட்டமாக இழுத்த கோடுகள் தெரியும். கை எட்டுகிற தூரம்தான் வட்டத்தின் அளவு. குட்டையான பெண் மெழுகிய தரை வேறு, நெட்டையான பெண் மெழுகிய தரை வேறு. மெழுகின தரையில கை தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

'மெழுகுதல்' சங்கப் பிரதிகளில் எங்கே வருகிறது என்று பார்த்தால் கொஞ்சம் திடுக்கிடத்தான் வேண்டியிருக்கிறது. புறநானூறு 234இல், இறந்துபோன வேள் எவ்வியின் மனைவி பெண் யானையின் காலடி அளவு இடத்தை மெழுகி, புல்லின் மேல் அவனுக்குப் பிண்டம் வைக்கிறாள். 249இல் கணவனை இழந்தவள் சுளகளவு இடத்தை மெழுகுகிறாள். சாணம் கரைக்க வேறு தண்ணீர் தேவைப்படவில்லை, கண்ணீரே போதுமாயிருக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து அம்பலத்தை மெழுகி விளக்கேற்றுபவர்கள் கொண்டி மகளிர். பகைவர் வீடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட பெண்கள் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. இரண்டு கைம்பெண்கள், ஒரு கூட்டம் சிறைப்பெண்கள். இன்னொரு இடமும் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் வீடு வருகிறது. அது சாணத்தால் மெழுகப்பட்டு, சுத்தமாக, தயாராக இருக்கிறது. மெழுகியது யார் என்ற பேச்சே இல்லை. துயரத்திலும் அடிமைத்தனத்திலும் கை தெரிகிறது. சுபிட்சத்தில் தரை மட்டும் தெரிகிறது. 'செயப்பாட்டு வினை'யின் அரசியலுக்கு இதைவிடப் பழைய உதாரணம் வேண்டியதில்லை.

பக்தி இயக்கம் இந்த வேலைக்கு 'திரு' என்ற அடைமொழியைக் கொடுத்தது. விடிவதற்கு முன் கோயிலுக்குப் போ, அலகிடு, மெழுக்கிடு என்று அப்பர் தன் நெஞ்சுக்கே கட்டளையிடுகிறார். ஓர் ஆண், அதுவும் வேளாளர், இந்த வேலையைத் தன் வாயால் தனக்கு விதித்துக்கொள்வது சாதாரண விஷயமில்லை, மறுக்க வேண்டாம். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்தக் கதையைச் சொல்லும்போது, தம்பி திரும்பி வருவதற்கு முன்பே திருவதிகைக் கோயிலில் அலகும் மெழுக்குமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர் அக்கா திலகவதியார். மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்துவிட்டதால் வாழ்க்கையைத் துறந்தவர். மறுபடியும் புறநானூற்றுக் கைம்பெண்ணே வருகிறாள், மெழுகும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலை மெழுகும் பணிக்கென்று விடப்பட்ட நிலத்துக்குத் 'திருமெழுக்குப்புறம்' என்று பெயர். அதாவது இந்த உழைப்புக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை நிலமாகக் கணக்கிடலாம் என்று அந்தச் சமூகத்துக்குத் தெரிந்தே இருந்தது. வீட்டை மெழுகியவளுக்கு யாரும் 'புறம்' எழுதி வைக்கவில்லை.

இனி சாணிக்கு வருவோம். சாணி 'புனித'ப் பொருள், தீட்டைப் போக்கும் என்பார்கள். சாவு விழுந்த வீட்டை மெழுகினார்கள். சாப்பிட்டு இலை எடுத்த இடத்தை மெழுகினார்கள். எச்சில் பட்ட இடத்தில் அழுக்கு இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அங்கே நீக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. 'சுத்தம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அழுக்கும் தீட்டும் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிக் குவிப்பது பண்ணையாளின் கை, பெரும்பாலும் தலித் பெண்ணின் கை. அது கொல்லைப்புறம் வரைக்கும் வரலாம். அங்கிருந்து அதே சாணியை உள்ளே கொண்டுபோய் மெழுகுவது வேறு கை. பொருள் ஒன்றுதான், வாசற்படியைத் தாண்டும்போது அதன் 'அர்த்தம்' மாறிவிடுகிறது.

இன்னொரு இடத்திலும் அதன் அர்த்தம் மாறியது. கீழத் தஞ்சையில், எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்கு மிராசுதார் கொடுத்த தண்டனை சவுக்கடியும் சாணிப்பாலும். சாணியைக் கரைத்துக் குடிக்கவைப்பது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் முன்னின்று கட்டிய விவசாயிகள் சங்கம் கூலியோடு சேர்த்து இந்த இரண்டுக்கும் எதிராகத்தான் போராடியது. மிராசுதார் வீட்டு நடுக்கூடத்தைப் புனிதமாக்கிய அதே கரைசல் சேரி மனிதனின் வாயில் இழிவாக இறங்கியது. சாணிக்கு இயல்பாகவே ஒரு குணம் உண்டு என்று பேசுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இப்போது 'கிருமிநாசினி' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. முன்னோர் முட்டாள்கள் இல்லை, விஞ்ஞானம் தெரிந்தே மெழுகினார்கள் என்கிறார்கள். புழுதியை அடக்கியது உண்மை, அது தொழில்நுட்பம்தான். ஆனால் சாணியில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதும் விஞ்ஞானம்தான். தீட்டின் மொழி வெளியே செல்லுபடியாகாமல் போனதும் அது நுண்ணுயிரியல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. அவ்வளவுதான்.

சிமெண்ட் வந்தது. மதுக்கரையில் 1934இலும் டால்மியாபுரத்தில் 1939இலும் ஆலைகள் வந்தன. 1953இல் டால்மியாபுரம் என்ற ஸ்டேஷன் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி நடந்த போராட்டத்தைத் தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். பெயர்ப்பலகைக்கு வரலாறு இருக்கிறது. அங்கிருந்து மூட்டை மூட்டையாகக் கிளம்பிய சிமெண்ட் வீட்டுக்குள் போய்ப் பெண்ணின் கையை என்ன செய்தது என்பதற்கு வரலாறு இல்லை.

அது செய்தது இது. காவி போட்ட சிவப்புச் சிமெண்ட் தரை, மொசைக், பிறகு டைல்ஸ் என்று எந்தத் தரையானாலும் இனிப் பூச்சு ஒட்டாது. சேர்க்க முடியாது, நீக்க மட்டுமே முடியும். மெழுகியவள் துடைக்கிறாள். முதல்முறையாக அழுக்குத் தண்ணீர் ஒரு வாளியில் சேர்கிறது. அதை யாரோ தூக்கிக் கொட்ட வேண்டும். 'கறை' என்ற ஒன்று கண்ணை உறுத்த ஆரம்பிக்கிறது. முக்கியமாக, கை மறைந்துபோகிறது. துடைத்த தரையில் துடைத்தவரின் தடம் இருந்தால் அது குற்றம். "தண்ணிக் கோடு தெரியுது பாரு, மறுபடி துடை" என்று எத்தனை வீடுகளில் கேட்கிறோம். ஆத்தங்குடிக் கல் பதித்த செட்டிநாட்டு வீட்டில் தரையின் பளபளப்பைக் காட்டி, போகப் போக மெருகேறும் என்று பெருமையாகச் சொல்வார்கள். கல் தானாக மெருகேறாது. பல பத்தாண்டுகளாகத் துணியோடு தேய்ந்த கைகளின் மெருகு அது. அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

முழங்காலின் முன்பக்கம் நீர் கோத்து வீங்குகிற ஒரு நோய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயருக்கு 'வேலைக்காரி முழங்கால்' என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணிப்பெண்கள் மண்டியிட்டுத் தரை தேய்த்ததால் வந்த பெயர். 1889இல் ஜெரோம் கே. ஜெரோம் தன் படகுப் பயண நாவலில், மருத்துவ நூலைப் புரட்டியவனுக்கு இந்த ஒரு நோய் மட்டும் தனக்கு இல்லையே என்ற வருத்தம் வந்ததாக எழுதி ஊரைச் சிரிக்கவைத்தார். அவனுக்கு எப்படி வரும்? நம் ஊர்ப் பெண் மண்டியிடுவதில்லை. குந்தி உட்கார்ந்து, ஈரத்தை மிதிக்காமல் பின்னாலேயே நகர்ந்து போகிறாள். வலி இடுப்புக்கும் மூட்டுக்கும் போகிறது. அந்த வலிக்கு நாம் பெயர்கூட வைக்கவில்லை. மாறாக, குந்தித் துடைத்தால் சுகப்பிரசவம் ஆகும், பெண்களுக்கு அதைவிட நல்ல உடற்பயிற்சி இல்லை என்று ஒரு சொல்லாடலைத் தயாரித்து வைத்திருக்கிறோம். தொப்பை குறைய வேண்டும் என்று காலையில் நடக்கப் போகிற ஆண்களில் எவரும் அதற்குப் பதிலாக வீட்டைத் துடைத்ததாகத் தெரியவில்லை.

நகரத்தில் இந்த வேலை கூலிக்குப் போனது. மெழுகுவது தீட்டோடு பின்னிக்கிடந்ததால் வீட்டுப் பெண்ணே செய்ய வேண்டியிருந்தது. துடைப்பதற்கு ஆள் வைக்கலாம். சாதி ஒழிந்துவிட்டதா என்றால், அது தரையிலிருந்து இடம்பெயர்ந்து அடுப்பங்கரைக்கும் பூஜை அறைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. வீடு முழுக்கத் துடைக்கலாம், அந்த இரண்டு இடத்தைத் தவிர. காபி தருவார்கள், தனி டம்ளரில். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1982இல் சட்டம் வந்தது. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைய 2007 ஆனது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டு வேலையைத் 'தொழில்' என்று அங்கீகரித்துக் கொண்டுவந்த 189ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. திருமெழுக்குப்புறம் விட்ட நாட்டில்தான் இது நடக்கிறது.

இந்த இடத்தில்தான் மாப் வருகிறது. குந்த வேண்டாம், நின்றுகொண்டே துடைக்கலாம். சொல்லப்போனால் பெரிய கண்டுபிடிப்பே இல்லை, ஒரு கம்பு. அது வர இவ்வளவு காலமானதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதையும் தேட வேண்டாம். கம்பைவிடக் குனிகிற உடம்பு மலிவாகக் கிடைத்தது. இன்றும் வேலைக்கு ஆள் பேசும்போதே, "மாப் போட்டா மூலையில அழுக்கு நிக்கும், கையால துணி போட்டுத் துடைக்கணும்" என்று நிபந்தனை வைக்கிற வீடுகள் உண்டு. அந்த வீடுகளிலும் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு மாப் சாத்தி வைத்திருக்கும். வேலைக்கார அம்மா லீவு போடுகிற நாளில் வீட்டுக்காரம்மா அதை எடுத்துத் துடைப்பார்.