எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?

1/
ராத்திரி கோவில்பட்டியில புரோட்டா, சால்னா. விடியக்காலையில வயித்த முறுக்கி, நாலஞ்சு தடவை வயித்தால போகுது. "அந்தக் கடை எண்ணெய்தான் டாக்டர்"னு சொல்லிக்கிட்டே வருவாங்க. நாங்க முதல்ல கேக்குறது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? இந்தக் கேள்விக்குப் பின்னால பெரிய வரலாறு இருக்கு.

2/
1888, ஜெர்மனியின் ஃபிராங்கன்ஹவுசன். நோய் கண்ட மாட்டோட கறியைச் சாப்பிட்டு 50 பேருக்கு மேல படுத்துட்டாங்க, ஒருத்தர் இறந்தார். ஆகஸ்ட் கார்ட்னர் என்ற மருத்துவர் அந்தக் கறியிலும், இறந்தவர் உடலிலும் ஒரே கிருமியைக் கண்டார். இன்னைக்கு அது சால்மொனெல்லா வகை. இது குடலுக்குள்ள போய்ப் பெருகணும். அதனால 6 மணி நேரத்துல இருந்து 3 நாள் வரைகூட ஆகும், காய்ச்சலும் வரும். நேத்துப் போன கடையைத் திட்டுவோம், குற்றவாளி முந்தாநாள் வீட்டுல அரைவேக்காடா சாப்பிட்ட முட்டையா இருக்கலாம்.

3/
1914, பிலிப்பைன்ஸ். ஒரு பண்ணையில பால் குடிச்சவங்களுக்கு அடிக்கடி வாந்தி, பேதி. பார்பர் என்ற ஆய்வாளர் தானே குடிச்சுப் பார்த்தார். கறந்த உடனே குடிச்சா ஒண்ணுமில்ல; வெளியில வெச்சிருந்து குடிச்சா சில மணி நேரத்துல வாந்தி. மாட்டோட பால்ல இருந்த ஸ்டெஃபைலோகாக்கஸ், பாத்திரத்துலயே விஷத்தைச் செஞ்சு வெச்சிடுது. திரும்பச் சூடு பண்ணினா கிருமி சாகும், விஷம் சாகாது. சித்திரை வெயில்ல மதியம் வரைக்கும் வெளியில இருந்த சாதமும் கறியும் இதே கதைதான்.

4/
1959, கல்கத்தா. சம்புநாத் டே காலரா கிருமிகளை வடிகட்டி எடுத்துட்டு, மிச்சத் திரவத்தை மட்டும் முயல் குடலில் செலுத்தினார். குடல் நீரால் நிரம்பியது! கிருமியே இல்லாம, அதோட நச்சு மட்டுமே உடம்புத் தண்ணியைக் குடலுக்குள்ள இறைக்குதுன்னு புரிஞ்சுது. இப்படிப்பட்ட கிருமிகள் பெரும்பாலும் தண்ணி வழியா வரும். குழாய்ல தண்ணி வர்ற நாளுக்குக் காத்திருந்து டிரம்ல பிடிச்சு வைக்கிற கரிசல் பூமியில, புரோட்டாவை விட்டுட்டு சட்னியில கலந்த தண்ணியையும் ஐஸையும் சந்தேகப்படணும்.

5/
1971, வங்கதேசப் போர். பன்கான் அகதி முகாமில் காலரா. நரம்புல ஏத்துற சலைன் தீர்ந்துகிட்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியைக் குடிக்கவே கொடுத்தார். 30% வரை இருந்த இறப்பு 4%-க்கும் கீழே வந்தது.

6/
ஆனா நம்ம ஊர்ல இன்னும் "வயித்தால போகும்போது தண்ணி குடுக்காதே"ங்கிற பேச்சு இருக்கு. குழந்தையையும் முதியவரையும் கொல்றது அதுதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதுல போட்டிருக்கிற அளவுத் தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கொடுங்க.

மலத்துல ரத்தம், கடும் காய்ச்சல், 6 மணி நேரமா சிறுநீர் இல்லை, வலி வலது அடிவயித்துல நிலைச்சு நிக்குது: இதுல எது இருந்தாலும் பேதியை நிறுத்துற மாத்திரையைத் தேடாம ஆஸ்பத்திரிக்கு வாங்க. வரும்போது மணிக்கணக்கை ஞாபகம் வெச்சுக்கிட்டு வாங்க.