வரிக்குறைப்பு யாருக்கு?

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் புஷ், அல் கோர் இருவருமே வரியைக் குறைப்போம் என்றனர். ஆனால் யாருக்கு என்பதில்தான் அரசியல் இருந்தது. கோர் கல்லூரிக் கட்டணம், குழந்தைப் பராமரிப்பு போன்ற செலவுகளுக்குச் சலுகை தருவதாகச் சொன்னார். புஷ் உச்ச வருமான வரியை 39.6 சதவீதத்திலிருந்து 33 ஆக்கி, இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்துக்கான வரியையே ஒழிப்பதாகச் சொன்னார்.

அன்று அந்த வரி 6,75,000 டாலரைத் தாண்டிய சொத்துக்கு மட்டும்தான். இறப்பவர்களில் சுமார் 2 சதவீதத்தினரே அதில் வந்தனர். அடிமைகளாக்கப்பட்டு, பிறகு வீட்டுக்கடனும் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களில் எத்தனை பேரிடம் அவ்வளவு சொத்து சேர்ந்திருக்கும்?

வென்ற புஷ் 2001இலேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தார்.

தோழர்களே, 'எல்லோருக்கும் வரிக்குறைப்பு' என்று யார் சொன்னாலும் நாம் முதலில் கேட்போம்: சொத்து சேர்க்க யாரை விட்டார்கள், யாரைத் தடுத்தார்கள்?