கொரியாவின் விடுதலைப் போராட்டமும் ஷின்டோ ஆலய வணக்கமும்

கொரிய நாட்டின் விடுதலை வரலாற்றில் திருச்சபைக்குரிய இடத்தைப் பற்றிப் பேசுவோர் 1919ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளை மறவாது குறிப்பிடுவர். அன்று வெளியான சுதந்தர அறிக்கையில் கையொப்பமிட்ட 33 பேரில் 16 பேர் புராட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர், 15 பேர் சொந்தோக்யோ என்னும் உள்நாட்டுச் சமயத்தைச் சேர்ந்தவர், இருவர் பௌத்தர். அந்நாளைய கொரியாவில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை என்பதை நினைவிற்கொண்டால் இதன் சிறப்பு விளங்கும். ஆனால் 1938ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நடந்ததைப் பலர் அவ்வளவு விரும்பிச் சொல்வதில்லை. பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே சபை செய்த இவ்விரண்டு செயல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி, அயலாட்சி ஒரு மக்களை என்ன செய்யவல்லது என்பதை நாம் அறிய இயலாது என்று எண்ணுகிறோம்.

சீனாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே நீட்டிய கையைப் போலக் கிடக்கும் இத்தீபகற்பம் நெடுங்காலம் சீனப் பேரரசுக்குத் திறை செலுத்தி வந்தது. எனினும் தன் உள்நாட்டுக் காரியங்களைத் தானே நடத்திக்கொண்டது. 1876இல் ஜப்பான் தன் போர்க்கப்பல்களைக் காட்டிக் கங்வா உடன்படிக்கையைப் பெற்றபின் நிலை மாறியது. 1894-95இல் சீனாவும் 1904-05இல் ருஷ்யாவும் ஜப்பானிடம் தோற்றன. இடையில், 1895 அக்டோபரில், அரசி மின் தம் அரண்மனைக்குள்ளேயே ஜப்பானியரால் வெட்டிக் கொல்லப்பட்டார். 1905 நவம்பரில் கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஜப்பான் தலையிடாது என்னும் உறுதியைப் பெற்றுக்கொண்டு, கொரியாவில் ஜப்பானின் மேலாண்மையை அமெரிக்கா ஏற்றிருந்தது. 1907இல் அரசர் கோஜோங் ஹேக் மாநாட்டிற்குத் தூதர்களை அனுப்பி முறையிட்டார். அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. அரசரே முடிதுறக்க நேர்ந்தது. 1910 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஜப்பானுடன் இணைக்கப்பட்டது.

இந்நிலையில் கிறிஸ்தவம் அங்கு அடைந்த இடத்தை நம் நாட்டோடு ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. இந்தியாவில் ஆள்வோரும் மிஷனெரிமாரும் ஒரே சமயத்தினர். ஆகவே சுவிசேஷத்தின்மீது அயலாட்சியின் நிழல் விழுந்தது. கொரியாவில் ஆள்வோர் ஆசியர், கிறிஸ்தவரல்லாதார். மேலும் அங்குச் சுவிசேஷம் முதலில் வந்தது மிஷனெரியின் கையால் அன்று. மஞ்சூரியாவில் ஜான் ராஸுடன் இருந்து 1882இல் லூக்கா சுவிசேஷத்தைக் கொரிய மொழியில் கொணர்ந்தவர்களுள் ஒருவரான சோ சாங்-ரியூன், புத்தகங்களைச் சுமந்துகொண்டு தாய்நாடு திரும்பிச் சோரே என்னும் ஊரில் ஒரு சபையைக் கூட்டினார். அண்டர்வுட்டும் அப்பென்செல்லரும் 1885ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளன்று கரையிறங்கியபோது விசுவாசிகள் ஏற்கெனவே அங்கிருந்தனர். படித்தோர் இகழ்ந்து ஒதுக்கிய ஹங்குல் எழுத்தில் வேதாகமம் அச்சானது. எழுதப் படிக்க அறியாதிருந்த பெண்களும் குடியானவர்களும் தங்கள் மொழியை வேதாகமத்தின் வழியாகவே கற்றனர்.

அரசியலில் ஈடுபட வேண்டாம் என்று மிஷனெரிமார் கூறிவந்தனர். ஆனால் ஆட்சியாளர் அதை நம்பவில்லை. கவர்னர்-ஜெனரல் தெராவுச்சியைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டி 1912இல் 123 பேரை நீதிமன்றத்தில் நிறுத்தினர், பெரும்பாலோர் கிறிஸ்தவர். 105 பேருக்குத் தண்டனை கிடைத்தது. சித்திரவதையால் பெற்ற வாக்குமூலங்கள் அன்றி வேறு சான்று இல்லாமையால் மேல்முறையீட்டில் 99 பேர் விடுதலையாயினர். எஞ்சிய அறுவருள் மெதடிஸ்ட் தலைவரான யுன் சி-ஹோ ஒருவர். இவர் பெயரை நாம் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

1919 ஜனவரியில் பழைய அரசர் கோஜோங் இறந்தார். அவருடைய அடக்கத்திற்காக மக்கள் சியோலில் திரண்ட வேளையில், மார்ச் முதல் நாள், பகோடா பூங்காவில் சுதந்தர அறிக்கை வாசிக்கப்பட்டது. அறிக்கையில் கையொப்பமிட்டோர் ஒரு விடுதியில் கூடித் தாங்களே போலீசாருக்குச் செய்தி அனுப்பிக் கைதாயினர். படைக்கலம் ஏந்தாத ஊர்வலங்கள் நாடெங்கும் பரவின. ஏப்ரல் 15ஆம் நாள் சேயாம்-ரி என்னும் சிற்றூரில் ஆண்களை மெதடிஸ்ட் ஆலயத்திற்குள் வரவழைத்துச் சுட்டு, ஆலயத்திற்கும் தீயிட்டனர் படைவீரர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமிர்தசரஸ் நகரில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன; இரு நாட்டாரும் அப்போது ஒருவரையொருவர் அறியார். ஈவா பள்ளி மாணவி யூ குவான்-சூன் சிறையிலேயே 1920 செப்டம்பரில் உயிர்நீத்தார். அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்கவில்லை. இப்போராட்டத்தில் கொரிய இளம் பெண்கள் கொண்ட பங்கை நேரு தம் மகளுக்குச் சிறையிலிருந்து எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களில் குறிப்பிட்டிருப்பதை நம்மில் பலர் படித்திருப்போம்.

இதுவரை சொன்னது பெருமைக்குரிய வரலாறு. இத்துடன் நிறுத்திக்கொள்வது எளிது.

விடுதலை வரவில்லை. சிலர் ஷாங்காய்க்குச் சென்று தற்காலிக அரசை அமைத்தனர். நாட்டில் தங்கியோர் நீண்ட ஆட்சியின்கீழ் வாழவேண்டியவராயினர். ஓர் ஆண்டு எதிர்ப்பது வேறு. முப்பத்தைந்து ஆண்டுகள் எதிர்ப்பது வேறு. 1919ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய சோ நாம்-சோன் பின்னாளில் ஆட்சியாளருக்கு உதவியானார். கையொப்பமிட்டவருள் ஒருவரான மெதடிஸ்ட் போதகர் சோங் சுன்-சூ 1939இல் தம் சபையின் தலைமைப் பதவியை ஏற்று அதனை ஜப்பானிய வழியில் நடத்தினார். சதி வழக்கில் சிறையிருந்த யுன் சி-ஹோவும் அவ்வழியே சென்றார். இவர்களைக் கோழைகள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒருகாலத்தில் இவர்கள் கோழைகளாயிருந்திலர்.

1930களில் சீனாவுடன் போர் மூண்டபோது, கொரியரை முற்றும் ஜப்பானியராக்கும் திட்டம் கடுமையாயிற்று. பள்ளிகளில் கொரிய மொழி குன்றியது. 1940இல் பெயர்களையே ஜப்பானிய முறையில் மாற்றச் சொன்னார்கள். இவற்றின் நடுவில் நின்றது ஷின்டோ ஆலய வணக்கம். பேரரசரின் முன்னோருக்குரிய ஆலயத்தின்முன் ஒருமுறை தலைகுனிந்தால் போதும். இது சமயமன்று, குடிமகனின் கடமை என்றனர். 1935 நவம்பரில் பியோங்யாங்கில் கூட்டப்பட்ட பள்ளித் தலைவர்களுள், ஒன்றியக் கிறிஸ்தவக் கல்லூரியின் மக்கூன் என்பார் குனிய மறுத்தார். 1936இல் பதவி பறிக்கப்பட்டார். ரோமன் கத்தோலிக்கத் தலைமையோ அவ்வாண்டே இதனைத் தேசிய மரியாதை என ஏற்று அனுமதித்தது. மெதடிஸ்டுகளும் இணங்கினர். மிகப் பெரிய சபையாகிய பிரஸ்பிற்றேரியன் சபை மட்டும் எஞ்சியது. 1938 கோடையில் ஜப்பானியச் சபைத் தலைவர் தொமிதா மித்சுரு பியோங்யாங்குக்கு வந்து, இது சமயமன்று என்று கொரியச் சகோதரருக்கு எடுத்துரைத்தார். ஆள்வோர் சொன்னதைச் சபையின் வாயால் சொல்லக் கேட்டதுதான் கொரியருக்கு மிகவும் வலித்திருக்கும்.

செப்டம்பரில் பொதுச் சங்கம் பியோங்யாங் மேற்குவாயில் ஆலயத்தில் கூடியது. எதிர்ப்பார் எனக் கருதப்பட்ட சிலர் முன்னதாகவே காவலில் வைக்கப்பட்டிருந்தனர். பிரதிநிதிகளுக்கிடையே போலீசார் அமர்ந்திருந்தனர். ஆலய வணக்கம் சமயமன்று, கிறிஸ்தவ உபதேசத்திற்கு மாறானதன்று என்னும் தீர்மானம் முன்வைக்கப்பட்டது. தலைவர் ஹோங் தேக்-கி ஆதரிப்போரைக் கேட்டார். மெல்லிய குரல்கள் சில எழுந்தன. எதிர்ப்போர் யார் என்று அவர் கேட்கவேயில்லை. மறுப்புரைக்க எழுந்த மிஷனெரிமாருக்குப் பேச இடமளிக்கவில்லை. ப்ரூஸ் ஹன்ட் போலீசாரால் வெளியேற்றப்பட்டார். அன்றே சபைப் பிரதிநிதிகள் ஆலயத்திற்குச் சென்று தலைவணங்கினர்.

கேளாமல் விடப்பட்ட அக்கேள்விக்கு வேறிடத்தில் விடை வந்தது. பியோங்யாங் சான்சோங்ஹியோன் சபையின் போதகர் சூ கி-சோல் பலமுறை கைதானார். 1939இல் அவருடைய பிரஸ்பிற்றேரியே அவரைப் போதக ஊழியத்தினின்று நீக்கியது. அவருடைய ஆலயமும் அடைக்கப்பட்டது. 1944 ஏப்ரலில் அவர் சிறையில் இறந்தார். இணங்காமையால் ஏறத்தாழ 2000 பேர் சிறைப்பட்டனர் என்றும் சுமார் 50 பேர் உயிரிழந்தனர் என்றும் கூறுவர்.

1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைந்தது. இரு நாள்களில் பியோங்யாங் சிறையினின்று இருபதின்மர் அளவில் வெளிவந்தனர். அவர்கள் சான்சோங்ஹியோன் ஆலயத்தில் தங்கி ஆராய்ந்து, வணங்கிய போதகரும் மூப்பரும் குறைந்தது இரண்டு மாதம் ஊழியத்தினின்று விலகி மனந்திரும்ப வேண்டும் என்று கேட்டனர். இரண்டே மாதம்! ஆயினும் நவம்பரில் சொன்சோனில் கூடிய போதகர் கூட்டத்தில், 1938இல் தலைமை வகித்த அதே ஹோங் தேக்-கி இதனை எதிர்த்தார். சிறையிலிருந்தவர் பட்டதைப் போலவே சபையை விடாது காத்தவரும் பாடுபட்டனர் என்றும், மனந்திரும்புதல் ஒவ்வொருவரும் தேவனோடு தனித்துத் தீர்க்கவேண்டியது என்றும் அவர் வாதித்தார். இவ்வாதத்தில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. சபையைக் கூட்டிவைத்தவரின் துன்பமும் துன்பமே. ஆனால் ஒரு சபை பகிரங்கமாகத் தீர்மானித்ததை அதன் தலைவர்கள் இரகசியமாக அறிக்கையிட்டு முடித்துவிட முடியுமா?

இதற்கு விடை காணுமுன் நாடு 38ஆம் அட்சரேகையில் பிளந்தது. வடக்கில் வேறோர் ஆட்சி வந்தது. தெற்கே சிறைமீண்டோருள் ஒருவரான ஹான் சாங்-தோங் முதலியோர் 1946இல் புசானில் ஓர் இறையியல் பள்ளி தொடங்கினர். 1952இல் அவர்களைச் சார்ந்தோர் தனிச்சபை ஆயினர். பொதுச் சங்கம் 1938ஆம் ஆண்டுத் தீர்மானத்தை இரத்துச் செய்தது 1954இல். போரில் நாடு பாழாகிப் போர்நிறுத்தமும் ஏற்பட்ட பின்னர். ஜப்பானிய ஐக்கிய சபை தன் போர்க்காலப் பொறுப்பை 1967இல் அறிக்கையிட்டது.

வடக்கிலிருந்து வந்த அகதிகளைக் கொண்டு சியோலில் யொங்நாக் சபையை நிறுவிய ஹான் கியோங்-சிக்கின் பெயர் உலகறிந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியரால் போதகப் பணியினின்று விலக்கப்பட்டவர் அவர். 1992இல் டெம்பிள்டன் பரிசு பெற்றபோது, தாம் ஷின்டோ ஆலயத்தில் வணங்கியவர் என்பதைப் பாராட்டுக் கூட்டத்தில் தாமே எழுந்து சொன்னார். அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்பது. சூ கி-சோலைப் போதக ஊழியத்தினின்று நீக்கிய தீர்மானமோ இன்னும் அப்படியே இருந்தது. தெற்கே தொடர்ந்து இயங்கிவரும் பியோங்யாங் பிரஸ்பிற்றேரி அவரை மீண்டும் போதகராக ஏற்றது 1997இல். அவர் இறந்து 53 ஆண்டுகள் சென்றபின்.